கிராமத்துப் பள்ளிக்கு அறிவியல் வாய்ப்புகள்: எங்கே தேடுவது, எப்படித் தொடங்குவது

"உங்க பிள்ளைங்க மட்டும் எப்படி சார் மாநாடு, முகாம்னு போறாங்க? எங்களுக்குத் தகவலே வர்றதில்லையே." பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. தகவல் எல்லாப் பள்ளிக்கும் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் வந்து குவியும் சுற்றறிக்கைகளுக்கு நடுவே அதுவும் ஒரு பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். அதைத் திறந்து பார்க்கும்போது கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருக்கும். அப்போது அவசர அவசரமாக யூடியூப்பில் ஒரு மாடலைத் தேடி, தெர்மாகோல் வாங்கி, இருப்பதிலேயே நன்றாகப் பேசும் பிள்ளையை மேடையில் ஏற்றிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். நான் சொல்லும் வழி இதற்கு நேர் எதிரானது. வேலையை முதலில் தொடங்கிவிடுங்கள், விண்ணப்பம் பிறகு வரட்டும். ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் எதையாவது அளந்துகொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தால், எந்த அறிவிப்பு வந்தாலும் அனுப்புவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

ஜூனில் ஒரு நோட்டு

பள்ளி திறந்த முதல் வாரமே ஒரு லாங் சைஸ் நோட்டை வகுப்பின் பின்சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி மட்டும் அதில் கேள்வி எழுத வேண்டும். புத்தகத்தில் படித்தது, டிவியில் பார்த்தது வேண்டாம். தேதியும் பெயரும் கட்டாயம். எழுதிய அன்றே நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் நோட்டில் வருபவை இப்படி இருக்கும்: "எங்க வீட்டு அண்டாவில் மட்டும் ஏன் வெள்ளையாகப் படிகிறது?" "மைதானத்துப் புளியமரம் ஏன் ஒரு பக்கம் முதலில் துளிர்க்கிறது?" "தெருவிளக்கில் சில ராத்திரி மட்டும் ஏன் அவ்வளவு பூச்சி?" ஜூலைக்குள் பக்கங்கள் நிரம்பிவிடும். அதிலிருந்து பொறுக்கும்போது நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். நம்மிடம் இருக்கும் பொருள்களை வைத்து இதை அளக்க முடியுமா? விடை கிடைத்தால் ஊரில் யாருக்காவது பயன்படுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளி என்றால் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை வானவில் மன்றம் இருக்கிறது. 2022 நவம்பரில் தொடங்கிய திட்டம். கருத்தாளர்கள் பொருள்களோடு பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுவார்கள். அவர்கள் வரும் நாளில் வகுப்பை ஒப்படைத்துவிட்டு நாம் ரெக்கார்டு எழுதப் போய்விடக் கூடாது. அந்த நோட்டை அவர்களிடம் காட்டி, இதில் எதற்காவது சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். பலர் ஆர்வத்தோடு செய்வார்கள்.

குழந்தைகள் அறிவியல் மாநாடு

என்னைக் கேட்டால் கிராமத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. 1993 முதல் தேசிய அளவில் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் இரண்டு பேர் கொண்ட குழுவாக, ஒரு வழிகாட்டி ஆசிரியரோடு சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்வு செய்ய வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகும். பொதுத் தலைப்பு ஒன்று இருக்கும். அந்த ஆண்டுத் தலைப்பையும் தேதிகளையும் இயக்கத்தின் மாவட்டப் பொறுப்பாளரிடம் ஜூலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்டாக் கேள்வியை எப்படி ஆய்வாக மாற்றலாம் என்று விரிவாகச் சொல்கிறேன். செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

ஊரில் உள்ள எல்லா போர்வெல், கிணறு, குளம், மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பாட்டில் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். சோப்புக் கரைசலுக்குக் குளியல் சோப்பைத்தான் சீவ வேண்டும். துணி துவைக்கும் பார்களில் பெரும்பாலானவை டிடர்ஜென்ட், அவை உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. அதை எடுத்தால் எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரியும், ஆய்வு அங்கேயே படுத்துவிடும். சோப்புச் சீவலைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு நாள் தெளிய விட்டு, மேலே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஒரே அளவுள்ள மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் 20 மில்லி தண்ணீர். சொட்டு மருந்துக் குழாயால் ஒரு சொட்டு சோப்புக் கரைசல், மூடி, பத்து வினாடி குலுக்கல். நுரை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நிமிடம் நிற்கிறதா? இல்லையென்றால் அடுத்த சொட்டு. காய்ச்சி வடித்த நீரில் சில சொட்டிலேயே நுரை நின்றுவிடும். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் சொட்டு போய்க்கொண்டே இருக்கும். தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக மிதக்குமே தவிர நுரை வராது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதால் வருவது அது. இந்த இரண்டும் மிகுந்திருப்பதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம். ஒவ்வொரு தண்ணீருக்கும் மூன்று முறை செய்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். குலுக்குவதை ஒரே பிள்ளை செய்யட்டும், கைக்குக் கை வேகம் மாறும்.

அடுத்து அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, மறுபடியும் அதே சோதனை. சொட்டு எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் தற்காலிகக் கடினத்தன்மை. கொதித்தபோது அது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து அண்டாவின் அடியில் படிந்துவிட்டது. மிச்சம் இருப்பது நிரந்தரக் கடினத்தன்மை. பத்தாம் வகுப்புப் பிள்ளை வேதியியலில் மனப்பாடம் செய்யும் இரண்டு வரி இங்கே கையில் கிடைக்கிறது. வீட்டில் அம்மா "இந்தத் தண்ணில பருப்பே வேகாது" என்று சொல்வதற்கும் இதே கால்சியம்தான் காரணம். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை அது இறுக்கிவிடுகிறது.

அப்புறம் ஒரு வரைபடம். தெருக்களைப் பிள்ளைகளே வரைந்து, ஒவ்வொரு போர்வெல்லுக்கும் சொட்டு எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். போர் எத்தனை அடி என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் பக்கத்தில் எழுதட்டும். ஆழத்துக்கும் கடினத்தன்மைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். இங்கிருந்து கேள்வி எங்கள் மண்ணுக்கே போகும். அரியலூரில் ஏன் இத்தனை சிமெண்ட் ஆலை? நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அது ஏன் இங்கே? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது, அதன் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்தன. அதே கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டு உயிர்களின் புதைபடிவங்கள் இந்தப் பகுதியில் கிடைக்கின்றன, வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பக்கத்து பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டு பழைய கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. சமையலறை அண்டாவில் தொடங்கிய பிள்ளை கல்மரத்தின் முன்னால் போய் நிற்கும்போது அது கேட்கும் கேள்விகளே வேறு. (போகும் இடத்தில் எதையும் பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது என்று பஸ் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். படம் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து.)

மாநாட்டில் நடுவர்கள் முதலில் புரட்டுவது நாட்குறிப்பைத்தான். அதில் அடித்தல் திருத்தல் இருக்கட்டும். அழகாகப் படி எடுத்து எழுதிய நோட்டைவிட, சோப்புக் கறை படிந்த நோட்டுக்குத்தான் அங்கே மதிப்பு. நடுவர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் "அதை நாங்கள் அளக்கவில்லை" என்று சொல்லப் பழக்குங்கள். அது தோல்வி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே புரியவைக்க வேண்டும்.

இன்ஸ்பயர் மானக்

மாணவர்களின் புதிய யோசனைகளுக்கான விருதுத் திட்டம் இது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் நடத்துவது. ஒரு பள்ளியிலிருந்து ஐந்து மாணவர்களின் யோசனைகளை இணையத்தில் பதிவேற்றலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். யோசனையைத் தமிழில் எழுதலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அனுப்பலாம்.

எந்த யோசனை தேறும்? "ஸ்மார்ட் குப்பைத்தொட்டி", "பார்வையற்றோர் கைத்தடி" போன்றவை நாடு முழுவதிலுமிருந்து வந்து குவியும். எங்கள் பள்ளியில் ஒரு மாணவி எழுதியது: பருத்தி எடுக்கும்போது அம்மாவின் விரல் நுனிகள் கீறிப் புண்ணாகின்றன, கையுறை போட்டால் பஞ்சு பிடிபடவில்லை, விரல் நுனிக்கு மட்டும் ஓர் உறை வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பிரச்சினை எங்கே வலிக்கிறது என்று தெரியும். அதுதான் முதல் தகுதி. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி போடுபவர் கரியை எரிப்பதைப் பார்த்து சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை யோசித்தார். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசும் அளவுக்கு அது அவரைக் கொண்டுபோனது. அவர் பார்த்த தெருக் காட்சி நம் எல்லோருக்கும் பழகியதுதான்.

இதில் கவிழ்ப்பது பெரும்பாலும் பாஸ்புக்தான். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் தலைப்பெழுத்து இடம் மாறி இன்னொரு பெயர் இருக்கும். அல்லது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு, பணம் போடாமல் எடுக்காமல் கிடந்து முடங்கியிருக்கும். யோசனை கேட்பதற்கு முன்பே, ஜூலையில், பெற்றோரை வரவழைத்து இதைச் சரி செய்துவிடுங்கள்.

நிழலில்லா நாள்

இது போட்டி இல்லை, பரிசும் இல்லை. ஆனால் என் பிள்ளைகள் ஆண்டு முழுக்க எதிர்பார்ப்பது இதைத்தான். தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அப்போது நிமிர்ந்து நிற்கும் குச்சிக்கு நிழலே விழாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில் தொடங்கி சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் வந்து சேரும். ஆகஸ்டில் திரும்பும்போது சென்னையில் 18ஐ ஒட்டி, எங்கள் ஊரில் 23, 24 வாக்கில். ஏப்ரலில் தேர்வு நேரம், அதனால் பள்ளிக்கு ஏற்றது ஆகஸ்ட். மேகம் மூடினால் கவலை இல்லை. முந்தின நாளோ அடுத்த நாளோ செய்தால்கூட 30 சென்டிமீட்டர் குழாய்க்கு இரண்டு மில்லிமீட்டர்தான் நிழல் வரும்.

ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைச் சமதரையில் நிறுத்தி, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். 11.50 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். "பன்னிரண்டு மணிக்கு ஏன் சார் இன்னும் நிழல் இருக்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. அரியலூர் 79 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் நமக்கு உச்சிப்பொழுது ஏறக்குறைய 14 நிமிடம் தாமதம். ஆகஸ்டில் இன்னும் இரண்டு நிமிடம் கூடும். 12.16 அளவில் நிழல் குழாயின் காலடிக்குள் போய் மறையும், வெயில் குழாய்க்குள் நேராக இறங்கித் தரையில் வட்டமாக விழும். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, தரையை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாக இருங்கள்.

துணைக்கு ஒரு பள்ளி கிடைத்தால் பூமியையே அளந்துவிடலாம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த அதே முறை. கன்னியாகுமரிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், அதே நாளில் அவர் ஊர் உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் குச்சியின் மிகக் குறுகிய நிழலை அளக்கட்டும். அங்கே ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நிழல் விழும். விழும் திசை தெற்கு. சூரியன் அவர்களுக்கு வடக்கே நிற்கிறது என்பதே பல பிள்ளைகளுக்கு அதிர்ச்சியாக இருக்கும். நிழலிலிருந்து கோணம் மூன்று டிகிரி. இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரத்தை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 340 கிலோமீட்டர். பஸ் தூரத்தைப் போடக் கூடாது. 340ஐ மூன்றால் வகுத்து 360ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். நிழலை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடை சுமார் 750 கிலோமீட்டர் மாறிவிடும் என்பதையும் கணக்குப் போட வையுங்கள். அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

பறவையும் மரமும்

பொங்கல் விடுமுறையில், ஜனவரி நடுவில் நான்கு நாள், தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்டதை எல்லாம் எண்ணி, இ-பேர்டு செயலியில் பதிவு செய்ய வேண்டும். காகமும் மைனாவும் கூட எண்ணிக்கையில் சேரும். சிறுவர்கள் பெயரில் தனித்தனிக் கணக்கு வேண்டாம், ஆசிரியர் பெயரில் ஒன்று போதும். டிசம்பரிலேயே கரிச்சான், பனங்காடை, செம்போத்து, ஆட்காட்டி என்று பத்துப் பதினைந்து பறவைகளை அடையாளம் காணப் பழக்கிவிட்டால், விடுமுறையில் அவரவர் வயலில் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். எங்களுக்குக் கரைவெட்டி ஏரி பக்கத்திலேயே இருப்பது பாக்கியம். 2024இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட ஏரி, குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும்.

மரத்துக்கு சீசன்வாட்ச் என்ற திட்டம். ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து இலை, பூ, காய் நிலையைப் பதிவு செய்வது. வேம்போ புளியோ கொன்றையோ, பள்ளி வளாகத்தில் இருக்கும் மரமே போதும். நிறைய பேசாத, பின்வரிசைப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரம்கூடத் தவறவிடாமல் செய்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

இஸ்ரோவும் காவலூரும்

இஸ்ரோவின் யுவிகா பயிற்சி முகாம் 2019இல் தொடங்கியது, 9ஆம் வகுப்பு படிப்பவர்களுக்கு. அறிவிப்பு பிப்ரவரி, மார்ச்சில் வரும். தேர்வானவர்கள் மே மாதத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஒரு இஸ்ரோ மையத்தில் தங்கிப் பயிலலாம், செலவு முழுவதும் இஸ்ரோவுடையது. 8ஆம் வகுப்பு மதிப்பெண், இணைய வினாடி வினா, அறிவியல் கண்காட்சி போன்றவற்றில் பங்கேற்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கிராமப்புறப் பள்ளிக்குத் தனியாக மதிப்பெண் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஹைடெக் லேப் கணினியில் ஒரு போல்டரில் போட்டு வைத்தால் கடைசி நேரத்தில் ஓட வேண்டியதில்லை.

ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அன்றைய விதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கியைச் சுற்றிப் பார்க்கலாம், வானத்தைப் பார்ப்பது சிறிய தொலைநோக்கியில்தான். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாந்து போவார்கள். மழைக்காலம் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு

பிள்ளைகளுக்கு இவ்வளவு தேடும் நாம் நமக்கென்று எதையும் தேடுவதில்லை. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இணையதளத்தில் ஒலிம்பியாட் பழைய வினாத்தாள்கள் விடைகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் இருக்காது. தமிழ்வழிப் பிள்ளைகளிடம் அப்படியே நீட்டாமல், நீங்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள். நமக்கே பாடத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சள்ளக்கெரே வளாகத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்குத் தங்கிப் படிக்கும் பயிற்சிகள் நடத்துகிறார்கள். அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் குப்பையிலிருந்து செய்யும் விளையாட்டுப் பொருள்களின் காணொளிகள் தமிழிலும் உள்ளன. ஏழாம் பாடவேளையில் பிள்ளைகள் சோர்ந்திருக்கும்போது அதில் ஒன்று போதும். துளிர் இதழுக்குச் சந்தா கட்டி, நூலகத்தில் பூட்டி வைக்காமல் வகுப்பில் போடுங்கள். 1987 முதல் வரும் சிறுவர் அறிவியல் இதழ் அது.

இரண்டு நடைமுறை விஷயம் பாக்கி. பயிற்சிக்கோ மாநாட்டுக்கோ போக ஓ.டி. (பணி நிமித்த அனுமதி) வேண்டுமென்றால், அழைப்புக் கடிதம் வந்த அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். கூடவே அன்றைய உங்கள் பாடவேளைகளை யார் எடுப்பார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்தால் மறுப்பது கடினம். பணத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பொதுவாக "அறிவியல் செலவு" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "நம்ம ஊர்த் தண்ணியை நம்ம பிள்ளைங்க சோதிச்சிருக்காங்க, மாவட்டத்துல சொல்லப் போறாங்க, வேன் வாடகை இவ்வளவு" என்று வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசுங்கள். பெற்றோர்கள் முதலில் தங்கள் வீட்டு போர்வெல் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். வேன் பேச்சை அப்போது எடுங்கள். வெளியூர்ப் பயணத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம், மாணவிகளோடு ஓர் ஆசிரியை, இரவுக்குள் திரும்பும் நேரம், மூன்றையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.